வில்லு சீசன்

என் தம்பி கனடாவில் மான் வேட்டைக்குப் போகிறான் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் நம்பமாட்டார்கள். சின்ன வயதில் கோழி அறுக்கிற இடத்தில் நிற்கமாட்டாதவன் அவன். வாயும் ஓயாது. அப்படிப்பட்டவன் அங்கே குளிர் தொடங்கியதும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, விடிய முன்னம் காட்டுக்குள் போய், மரத்தில் ஏறி, பொழுதுபடும்வரை பேசாமல் இருக்கிறானாம். முதல் நாள் வாசமில்லாத சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் மானுக்கு மணந்துவிடுமாம். இதையெல்லாம் அவன் போனில் சொல்லும்போது குரலில் ஒரு துள்ளல் இருக்கும். வருடத்தில் மற்ற மாதங்களில் அந்தத் துள்ளலை நான் கேட்டதில்லை.

எனக்கு அந்த மான்களோடு சரியான கோபம். அவன் ஊருக்கு வந்தால் ஓகஸ்டில்தான் வருவான். ஓகஸ்டில் எங்கள் பக்கம் கச்சான் காற்று அடித்து, புழுதி பறந்து, கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். வந்து இரண்டு நாள் போக முன்னமே முகம் வாடிவிடும். போனமுறை ஒரு காலையில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், தலையை நிமிர்த்தாமலே, "அக்கா, டிக்கெட்ட மாத்திட்டன். வெள்ளிக்கிழமை போறன்" என்றான். சண்டை ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இஞ்ச என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியல்ல" என்றான். சண்டை பிடித்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனுக்கு இந்த நாட்டில் இருப்பது நான் ஒருத்திதான். நானும் அலுத்துப்போனால் அவன் ஒரேயடியாக வராமல் விட்டுவிடுவான் என்ற பயம் அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

மழை தொடங்குகிற நேரம் வந்து பார், ஊர் வேறு மாதிரி இருக்கும் என்று எத்தனையோ தரம் கெஞ்சிப் பார்த்தேன். ஒரே பதில்தான்.

"ஒக்டோபர்ல ஏலாது அக்கா. அது வில்லு சீசன்."

இந்த வில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் பிறந்தது களுதாவளைப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். அங்கே வில்லு என்றால் அம்பு விடுகிற வில்லுத்தான். நான் கலியாணம் முடித்துப் போனது வாகரைக்கும் அங்கால். அங்கே வில்லு என்றால் காட்டோரத்துத் தண்ணீர். குளம் என்று சொல்ல முடியாது, கட்டு இல்லை. மாரியில் ஆறு பெருகி வந்து பள்ளத்தில் நிறைந்து நிற்கும். கோடையில் வற்றிக்கொண்டு போக, கரையெல்லாம் புல்லாகும். மாடும் மானும் கொக்கும் அங்கேதான் மேயும், சிலவேளை யானையும் வரும். புதுப்பெண்ணாக வந்தபோது மாமி, "வில்லுல மாடு நிக்கா எண்டு பாத்துட்டு வா மகள்" என்று சொல்ல, நான் பேய் முழி முழித்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது எனக்கு வில்லு என்றால் முதலில் தண்ணீர்தான் ஞாபகம் வரும். புழுதிக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்துவிட்டுப் போகிற தம்பி அந்தப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை.

ஆகவே தம்பி வில்லு வில்லு என்றபோது, கனடாவிலும் இப்படி ஒரு தண்ணீர் இருக்கும், மான் வந்து குடிக்கும், இவன் மரத்திலிருந்து துவக்கால் சுடுவான் என்றுதான் வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு மெசின் இருக்கிற நாட்டில் எவன் அம்பும் வில்லும் தூக்கிக்கொண்டு திரிவான்?

ஒருநாள் போனில் எனக்குப் பொறுமை கெட்டுவிட்டது.

"அங்க கிடந்து குளிர்ல நடுங்கிறதுக்கு இஞ்ச வாவன். எங்கட வில்லுல இல்லாத மானா?"

"அங்கயும் வில்லு இரிக்கா?" என்றான்.

"என்ன கத இது? எப்பவும் இரிக்கு. வந்தாத்தானே தெரியும்."

"லைசன்ஸ் வேணுமா?"

"வில்லுக்கு என்னடா லைசன்ஸ்? எங்கட மாடெல்லாம் லைசன்ஸ் வச்சா போகுது?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். என் பகிடி என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். "பெரிய வில்லா அக்கா?" என்று கேட்டான். "இந்தக் கரையில நிண்டு கூப்பிட்டா அந்தக் கரையில கேக்காது" என்றேன். அதற்கும் சிரித்தான். அந்த வருடம் ஒக்டோபரில் விமானம் ஏறிவிட்டான்.

வந்திறங்கியவன் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்துக் காட்டியது இலையும் கொப்பும் அச்சடித்த ஒரு உடுப்பு. காற்சட்டை, சட்டை, தொப்பி எல்லாம் அதிலேயே. மான் கண்ணுக்கு ஆள் தெரியாதாம். மானுக்குத் தெரியாமல் இருக்கலாம், நான் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினேன்.

"உனக்கென்ன விசரா? இந்த ஆமி உடுப்பக் கண்டு ஓடின சனம் இருக்கிற ஊர் இது. இதோட படலையத் தாண்டினா உன்னப் பிடிச்சு அடைப்பானுகள்."

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. பெட்டிக்குள் அதை மடித்து வைத்த விதத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. என் வீட்டுக்காரரின் பழைய பச்சைச் சாரத்தையும் ஒரு சாயம் போன சேர்ட்டையும் எடுத்துக் கொடுத்தேன். இதுவும் இலை நிறம்தான் என்றேன். தொடக்கமே சரியில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் மூன்று பேரும் லாண்ட்மாஸ்டரில், எங்கள் இரண்டு சில்லு உழவு மெசினில், போனோம். என் வீட்டுக்காரர் ஓட்டினார். பின்பெட்டியில் ஒரு வீச்சு வலை, தண்ணீர்க் கேன், பொரித்த மீனோடு ஒரு சோற்றுப் பார்சல். தம்பி பெட்டிக்குள் இப்படியும் அப்படியும் தேடினான்.

"அத்தான், வில்லு எங்க?"

"அங்கதான் மச்சான் இரிக்கு. அத இஞ்ச எப்பிடிக் கொண்டாற?" என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆரோ ஒருவரின் வாடிக் குடிசையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டானாம். பிறகுதான் சொன்னான்.

முதல் மழை பெய்து சில நாள்தான். வில்லின் கரை முழுவதும் இளம் புல். நடுவில் தாமரை இலையும் கலங்கல் தண்ணீரும். இறங்கி, கையை வீசிக் காட்டினேன். ஏதோ என் சீதனத்தைக் காட்டுகிற பெருமை எனக்கு.

"இந்தா, பாத்துக்கொள். இதுதான் வில்லு."

"எது?"

"இதுதான்."

அவன் தண்ணீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு இடது கையை நீட்டி வலது கையைக் கன்னம்வரை இழுத்துக் காட்டினான். "அக்கா, நான் சொன்னது இது."

எனக்கு விளங்கிவிட்டது. அவனும் நானும் இத்தனை வருடம் போனில் பேசியதெல்லாம் ஒரு நொடியில் விளங்கிற்று. டிக்கெட்டை மாற்றப்போகிறான் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. என் வீட்டுக்காரரோ, "அம்பாலயா மச்சான்? இஞ்ச மான அடிச்சா பிடிச்சு மறியல்ல போடுவானுகள்" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வருடத்தில் ஒருநாள் சிரிக்கிற மனிதர், அதற்கு அந்த நாளைத்தான் பிடித்தார். நான் முறைத்த முறைப்பில் வலையைத் தூக்கிக்கொண்டு அங்கால் போய்விட்டார். தம்பி சிரிக்கவில்லை. ஒரு மருதமரத்து வேரில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் போய் இருந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. திடீரென்று கையை மெல்ல உயர்த்தி என்னை அசையாதே என்றான். ஒரு புல்லைக் கிள்ளி விட்டுக் காற்றுப் பார்த்தான். என் தோளைப் பிடித்து மரத்துக்கு மறுபக்கம் நகர்த்தினான். எங்கள் கரையிலேயே கொஞ்சம் தள்ளி, பற்றைக்குள்ளிருந்து ஒரு மான் தலையை நீட்டிற்று. பிறகு ஒவ்வொன்றாக வந்தன, கடைசியில் கொம்புள்ள ஒன்று. இந்தப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு மானை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். ஆனால் லாண்ட்மாஸ்டர் சத்தத்துக்கு ஓடுகிற மானைத்தான். புல்லைப் பிய்த்துத் தின்கிற சத்தம் கேட்கிற அளவுக்குப் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

தம்பியின் இடது கை மேலே போனது. வலது கை கன்னத்துக்கு வந்தது. கையில் ஒன்றுமில்லை, ஆனால் தோள் இறுகுவதை நான் பார்த்தேன். மூச்சும் நின்றுவிட்டது. போனில் கேட்கிற அந்தத் துள்ளலுக்கு முகம் இதுதான் என்று அப்போது கண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கை உறிஞ்சினால் மான் ஓடிவிடும் என்று அடக்கிக்கொண்டிருந்தேன்.

அங்கால் என் வீட்டுக்காரர் வலையை வீசிய சத்தத்தில் எல்லாம் பாய்ந்து காட்டுக்குள் போய்விட்டன. தம்பி கையை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இவ்வளவு பெரிய வில்ல நான் கண்டதே இல்ல."

அதன் பிறகு அவன் சிரித்த சிரிப்பில் சாரம் அவிழ்ந்துவிட்டது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்தது.

"கையில வில்லு இருந்தா அடிச்சிருப்பியா?" என்று கேட்டேன்.

"அங்கயெண்டா ஓம். ஒண்டு அடிச்சா வருசம் முழுக்க இறைச்சிக்குப் போதும்" என்றான் ஒளிக்காமல். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது இரண்டு விராலும் கொஞ்சம் கெளுத்தியும். யானை இறங்க முன்னம் வீட்டுக்கு வந்து, புளி விட்டு ஆக்கிச் சாப்பிட்டோம்.

பிறகு வந்த நாட்களில் அவனும் அத்தானும் ஏறக்குறைய ஒவ்வொரு பின்னேரமும் வில்லுக்குப் போனார்கள். சவர்க்காரத்தை மட்டும் விடவில்லை. என் வீட்டுக்காரரையும் அதைப் போட்டுத்தான் குளிக்க வைத்தான், அவரும் மறுபேச்சுப் பேசாமல் குளித்தார். இருந்தாலும் காலையில் அவன் போனைக் கையில் எடுத்தால் டிக்கெட்டுக்குத்தானோ என்று எட்டிப் பார்ப்பேன்.

போக வேண்டிய நாளுக்குக் கிட்ட ஒரு காலை. இரவு முழுவதும் பெய்த மழை விடவில்லை. இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், "அக்கா, டிக்கெட்ட மாத்திட்டன்" என்றான். சொதிக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

"எப்ப போறாய்?"

"மறுகா ஆறுதலாப் போவம். வில்லு நிரம்புறதப் பாக்கோணும் எண்டு அத்தானிட்டச் சொல்லிட்டன்."

நான் ஒன்றும் நடக்காதவள் போல இன்னும் இரண்டு இடியப்பத்தை எடுத்து அவன் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தேன். வாய் சும்மா இருக்குமா?

"அப்ப அங்க வில்லு சீசன் முடிஞ்சிருமேடா?"

"எந்த வில்லு?" என்று கேட்டுவிட்டு, சொதியை இன்னும் கொஞ்சம் விடச் சொன்னான்.