அலாரக்காரர் கல்யாணத்துக்குப் போன கதை

சிட்லபாக்கம் கங்காதரனிடம் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், "நிம்மதி விற்கிறேன்" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்துவிடுவார். தன்னிடம் ஒரு பொட்டுக்கூட இல்லாத சரக்கை ஊருக்கெல்லாம் விற்கிற ஆள் தாம்பரம் வட்டாரத்தில் தான் ஒருவன்தான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அதோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. எண்பத்து மூன்றாம் வருஷம், ரயில்வேயில் ரிடையர் ஆகி ஏரிப்பக்கம் வீடு கட்டியிருந்த சாம்பசிவன் கடைக்கு வந்தார். "கதவை யாராவது திறந்தா மணி அடிக்கிற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா கங்காதரன்? ஊருக்குப் போனா வீட்டு நினைப்பாவே இருக்கு" என்றார். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் கங்காதரனுடையது. "பண்ணிடலாம் சார்" என்றது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பம்.

அந்த ஓணான் கடித்தது அவரைவிட அவர் மனைவி செல்வம்மாளைத்தான். அவள் வேலூர்க்காரி. அவளுடைய அண்ணன் லோகநாதனுக்கு நான்கு பெண்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: கல்யாணப் பெண் மணையில் உட்காரும்போது, அத்தையும் அத்தை புருஷனும் ஜோடியாக நின்று மாலையை எடுத்துக் கொடுக்க வேண்டும். அத்தை மட்டும் தனியாக நின்று கொடுக்கக் கூடாது. ஜோடி இல்லையென்றால் வேறு யாராவது தம்பதியைக் கூப்பிட்டு நிறுத்திவிடுவார்கள். செல்வம்மாள் ஆசைப்பட்டதெல்லாம் இந்த ஐந்து நிமிஷம்தான்.

முதல் பெண்ணின் கல்யாணம் எண்பத்து நான்கில். சாம்பசிவன் வீட்டு அலாரம் ரொம்ப சாதாரணமானது. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சின்ன சுவிட்சு, அங்கிருந்து வெளிச்சுவரோடு ஓடுகிற ஒரு வயர், வயரின் முனையில் மணி. கதவு திறந்தால் மணி அடிக்கும். சாம்பசிவன் திருவாரூர் போயிருந்தபோது வந்த திருடன் கதவைத் தொடுவதற்கு முன் வயரைக் கத்தரித்துவிட்டான். மணி சத்தமே போடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: "வயர் எங்க போவுதுன்னு உன்னைத் தவிர வேற யாருக்குய்யா தெரியும்?" கங்காதரன் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே வேறு யாருக்கும் தெரியாது. முகூர்த்த நாளன்று அவர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் உண்மைத் திருடன் பல்லாவரம் சந்தையில் சாம்பசிவன் வீட்டுக் குத்துவிளக்கோடு மாட்டினான். வேலூரில் மாலையை எடுத்துக் கொடுத்தது செல்வம்மாளின் சித்தப்பா மகளும் அவள் புருஷனும்.

அவமானம் பொறுக்காமல் கங்காதரன் விஷயத்தைத் தலைகீழாக்கினார். இனி வயரில் எப்போதும் கரண்டு ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தாலும் சரி, வயரை வெட்டினாலும் சரி, கரண்டு நின்றால் உடனே சைரன். வெட்டுகிறவன் மாட்டிக்கொள்வான். நல்ல யோசனைதான். ஆனால் சிட்லபாக்கத்தில் கரண்டை அதிகம் வெட்டுகிறவர்கள் திருடர்கள் இல்லை. பகல் பதினோரு மணிக்குக் கரண்டு போனால் அதற்குள் அவர் அலாரம் பெட்டி மாட்டியிருந்த எட்டு வீடுகளும் ஒரே சமயத்தில் ஓலமிட்டன. ஏரியில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. "அலாரம் அடிக்குது, ஃபேன் நின்னுச்சான்னு பாரு" என்று ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். கங்காதரன் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரியை வைத்தார். கரண்டு போனாலும் பேட்டரி தாங்கும், சைரன் வாயை மூடிக்கொண்டிருக்கும். தலைவலி போயிற்று என்று நினைத்தார்.

எண்பத்து ஏழில் இரண்டாம் பெண்ணின் கல்யாணம். இந்த முறை இருவரும் தாம்பரத்தில் வேலூர் பஸ்ஸில் ஏறியே உட்கார்ந்துவிட்டார்கள். செல்வம்மாள் ஜன்னலோரம், மடியில் சீர்த்தட்டு. கண்டக்டர் விசில் ஊதப் போகும் நேரம், சாம்பசிவனின் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டினார்.

"கங்காதரன் சார்! காலையிலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கு சார். நிக்கவே மாட்டேங்குது. சாம்பசிவன் சார் ஊர்ல இல்ல!"

"செல்வம், நீ போய்க்கினே இரு. அடுத்த பஸ்ல வந்துடறேன்" என்று கங்காதரன் இறங்கினார். செல்வம்மாள் மடியிலிருந்த சீர்த்தட்டை எடுத்து அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தாள்.

அவர் போய்ச் சேர்வதற்குள் தெருக்காரர்கள் சத்தம் தாங்காமல் கடப்பாரையால் பூட்டை உடைத்து, கதவைத் திறந்து, உலக்கையால் சைரனை ஒரே அடியில் அடக்கியிருந்தார்கள். வீட்டைக் காப்பதற்காக வைத்த பெட்டிதான் அந்த வீட்டின் பூட்டை உடைத்திருந்தது. காரணம் தேடிய கங்காதரனுக்கு மீட்டருக்குக் கீழே அது கிடைத்தது. சாம்பசிவன் ஊருக்குக் கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருந்தார். பேட்டரி மூன்று நாள் தாக்குப்பிடித்து, நான்காம் நாள் சாகும் தறுவாயில் பெட்டி வயர் வெட்டுப்பட்டதாக நினைத்துக்கொண்டு கத்தத் தொடங்கியிருக்கிறது. அவர் பூட்டை மாற்றி முடிப்பதற்குள் கடைசி பஸ்ஸும் போய்விட்டது; அந்த மாலையையும் வேறு ஜோடிதான் எடுத்துக் கொடுத்தது.

சாம்பசிவன் திரும்பி வந்ததும் கங்காதரன் அவரைப் பிடித்துக்கொண்டார். "வீட்ல ஆள் இல்லாதப்பதான சார் அலாரம் வேணும்? அப்பப் பார்த்து மெயினை ஆஃப் பண்ணா எப்படி?"

"மெயினை ஆஃப் பண்ணாம எப்படிய்யா ஊருக்குப் போறது?" என்றார் சாம்பசிவன், குளிக்காமல் எப்படிக் கோயிலுக்குப் போவது என்று கேட்கிற குரலில்.

பெரிதாகப் பிரசங்கம் செய்ய வாயெடுத்த கங்காதரனுக்கு, வேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிய அன்று காலை கேஸை மூடி, குழாயை மூடி, மெயினை அணைத்தது தன் கையேதான் என்று ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார். அதன் பிறகு எல்லா வீட்டிலும் மீட்டரிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்து, மெயினை அணைத்தாலும் பெட்டிக்குக் கரண்டு போகும்படி செய்தார். ஒரு கூட்டம் முழுவதும் செய்கிற காரியத்தை மாற்றச் சொல்வதைவிட வயரை மாற்றுவது சுலபம் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு போன் வந்தது. சைரனை யாரும் மதிப்பதில்லை என்பது அதற்குள் தெளிவாகியிருந்ததால், கங்காதரன் பெட்டியையே போன் பண்ண வைத்தார். கதவு திறந்தால், சைரனோடு கூடவே, பெட்டிக்குள் இருக்கும் பொத்தான் போன் தன்னிடம் பதித்து வைத்த எண்ணைத் தானே அழுத்தும். ஒரு டேப் ஓடும். "சாம்பசிவன் சார் வீட்டில் அலாரம் அடிக்கிறது, உடனே வரவும்" என்று கங்காதரனின் குரலே கங்காதரனுக்குச் சொல்லும். எல்லாப் பெட்டியிலும் அவர் வீட்டு எண்ணைத்தான் பதித்திருந்தார். ஆரம்பத்தில், அவர் ரிசீவரை எடுப்பதற்குள் டேப் முக்கால்வாசி ஓடி முடிந்திருக்கும். "உடனே வரவும்" என்பது மட்டும் காதில் விழும். எந்த வீடு என்று தெரியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினோரு வீட்டையும் சுற்றி வருவார். தன் குரல் தன்னை இப்படி மிரட்டும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. பிறகு வாசகத்தை மூன்று முறை சொல்ல வைத்தார்.

ஆனால் அந்தப் போனை எடுக்க ஆள் வேண்டுமே? தொண்ணூற்று மூன்றில் மூன்றாம் பெண்ணின் கல்யாணம் வந்தபோது பதினோரு வீட்டில் நான்கு வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. கங்காதரன் கிளம்பவே இல்லை. செல்வம்மாள் சண்டை போடவும் இல்லை. தனியாகப் போய்விட்டுத் தனியாக வந்தாள். கல்யாணப் பலகாரப் பையை போனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.  அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கங்காதரன் பல நாள் நினைத்தார்.

தொண்ணூற்று ஏழில் கடைசிப் பெண்ணின் பத்திரிகை வந்தது. அன்று அவள் பேசினாள்.

"இதுதான் கடைசி. இதுக்கு மேல அண்ணன் வூட்டுல பொண்ணு கெடையாது. ஊர்ல கீற வூட்டையெல்லாம் காக்கற மனுசன், எம்பக்கத்துல அஞ்சு நிமிசம் நிக்க முடியுமா முடியாதா? இப்பவே சொல்லிடுங்க."

"நிக்கறேன் செல்வம். சத்தியமா நிக்கறேன்" என்றார் கங்காதரன். அடிவயிற்றிலிருந்து வந்த வார்த்தை அது.

மறுநாளே வேலையில் இறங்கினார். சாம்பசிவனுக்கு இப்போது முட்டிவலி, எங்கேயும் போவதில்லை, நாள் முழுக்க போன் பக்கத்தில்தான் இருக்கிறார். அவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் சைக்கிள் மிதித்து, மற்ற வாடிக்கையாளர்களின் பெட்டிகளில் தன் எண்ணை அழித்து அவர் எண்ணைப் பதித்தார். பத்து வீடு. ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தார். கிளம்பும் நாள் காலையில் தன் வீட்டு அலாரம் பெட்டியையும் சாவி திருப்பி முடுக்கிவிட்டு, மெயினையும் அணைத்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரி பஸ் ஏறினார்.

வேலூர் மண்டபத்தில் அன்று மாலை வரவேற்பு. கங்காதரன் வெள்ளை வேட்டியில், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் பேசினார். "வூட்டைப் பூட்டிட்டு வந்துட்டோம், ஒரு கவலை இல்ல. எது நடந்தாலும் பெட்டியே போன் பண்ணி சொல்லிடும்" என்று ஒரு பெரியவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, மண்டப மேனேஜர் வாசலில் நின்று கூவினார்.

"தாம்பரம் செல்வம்மா யாருங்க? போன்!"

செல்வம்மாள் போய்ப் பேசிவிட்டு வந்தாள். "யாரு?" என்று கேட்டார் கங்காதரன். "பூக்காரன். காலையில எத்தினி மொழம் வேணும்னு கேக்கறான்" என்றாள். அவர் மறுபடி பெரியவரிடம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

மறுநாள் முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. பெண் மணைக்கு வந்தாள். லோகநாதன் "அத்தையும் மாமாவும் வாங்க" என்றார். கங்காதரனும் செல்வம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நான்கு கைகளால் மாலையை எடுத்துக் கொடுத்தார்கள். மாலை கனமாக இருந்தது. செல்வம்மாளின் விரல்கள் நடுங்குவதை அவர் பார்த்தார். சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று எடுத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, மண்டபத்துப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்.

"நேத்து மத்தியானம் நம்ம வூட்டுல திருடன் வந்துட்டான்."

கங்காதரன் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"பக்கத்து வூட்டு புஷ்பம்தான் போன் பண்ணா. மண்டபத்து நம்பரை அவ காலண்டர்ல எழுதிட்டுத்தான் வந்தேன். எதுவானாலும் எங்கிட்ட மட்டும் சொல்லுன்னு சொல்லியிருந்தேன். குக்கர், பித்தளை அண்டா, டூ-இன்-ஒன் ரேடியோ போச்சு. உங்க அலாரம் பெட்டியையும் ரேடியோன்னு நெனச்சுக் கழட்டிக்கினு போயிட்டான். நகையெல்லாம் என் கழுத்துல கீது. புஷ்பம் சொன்னதும் சாம்பசிவன் சாரு ஆளை வெச்சு வேற பூட்டு போட்டு, ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்துட்டாராம்."

"சைரன் அடிக்கலியா?"

"ஒரு மணி நேரம் அடிச்சுதாம். அலாரக்காரரு டெஸ்ட் பண்றாருன்னு தெருவே படுத்துத் தூங்கினு இருந்துச்சாம். புஷ்பம் கதவைச் சாத்திக்கினாளாம்."

"சாம்பசிவன் சாருக்குப் போன் போகலியா?" என்று கேட்கும்போதே கங்காதரனுக்கு விஷயம் உறைத்தது. பத்து வீட்டில் எண்ணை மாற்றியவர் இன்னொரு பெட்டியைத் தொடவில்லை. அது அவர் வீட்டுப் பெட்டி. மற்றவர்கள் வீட்டில் பதித்த கையோடு அதிலும் தன் வீட்டு எண்ணையே பதித்திருந்தார். திருடன் உள்ளே அண்டாவை உருட்டிக்கொண்டிருந்தபோது, கங்காதரன் வீட்டுப் போன் கங்காதரன் வீட்டுக்கே போன் பண்ணியிருக்கிறது. லைன் பிஸி. திரும்பவும் பண்ணியிருக்கிறது. பிஸி. கடைசியில் திருடன் வயரோடு பிடுங்கிய பிறகுதான் ஓய்ந்திருக்கும்.

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வெற்றிலைச் சாறு புது வேட்டியில் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். கை கழுவ வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வம்மாள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவருடைய சிரிப்பு நின்றது. நேற்று சாயந்திரத்திலிருந்து இவளுக்குத் தெரியும். வீடு திறந்து கிடந்ததும், பூட்டு மாற்றியதும், சாமான் போனதும் எல்லாம் தெரியும். அதை வைத்துக்கொண்டு வரவேற்பில் சந்தனம் கொடுத்திருக்கிறாள். மணைப் பக்கத்தில் நடுங்கிய விரல்கள் அவர் கண்முன் வந்தன.

"நேத்தே சொல்லியிருக்கலாமே, செல்வம்."

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "கடைசி பஸ்ஸைப் புடிச்சிருப்பேன்" என்றார்.

"அதான் சொல்லல" என்றாள்.

கங்காதரனுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பதினான்கு வருஷத்தில் எத்தனையோ கோளாறைக் கண்டுபிடித்து வெட்கப்பட்டிருக்கிறார், ஆனால் அப்போதெல்லாம் சரிசெய்ய ஒரு வழியும் கூடவே தோன்றும். இதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

"நாளைக்கு மறுவீட்டுக்கும் ஜோடியாத்தான் போவணும்" என்று செல்வம்மாள் மெதுவாகச் சொன்னாள். "அது முடிஞ்சு நாளன்னிக்குக் கெளம்பலாமா?"

"கெளம்பலாம்" என்றார் கங்காதரன். "ஆனால்" என்று ஒரு வார்த்தை வழக்கம்போல் நாக்கு நுனி வரை வந்தது. அதை வெற்றிலையோடு சேர்த்து விழுங்கிவிட்டு, அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.