வெள்ளிக்கிழமை கழுவிய கதவுகள்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு லயம், தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகள். இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்களின் வீட்டுக் கதவில் வட்டம், இலங்கையிலேயே இருக்கப்போகிறவர்களின் கதவில் கோடு என்று வியாழக்கிழமை சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டுப் போன தோட்டத்துக் கிளார்க்கர், இன்று சனிக்கிழமை சரிபார்க்க வந்திருக்கிறார். அவருக்கு எடுபிடியாக நானும் கூடவே நடக்கிறேன். எந்தக் கதவிலும் குறி இல்லை. புது மஞ்சள்தான் இருக்கிறது.

கடைசி வீட்டில், கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பிய முத்தம்மா கூடையை இறக்கி வைக்கிறார்.

"வெள்ளிக்கிழமை கதவு கழுவாம இருப்போமாங்க?"

"ஒன் வீட்டுக்கு எது? வட்டமா, கோடா?" என்கிறார் கிளார்க்கர்.

"அவரும் மகனும் இந்தியாவுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. நானும் மகளும் இங்கதாங்க."

சுண்ணக்கட்டி பிடித்த கை அப்படியே நிற்கிறது. அந்த வீட்டுக்கு ஒரே கதவு.

"ரெண்டையும் போட்டுட்டுப் போங்கய்யா," என்கிறார் முத்தம்மா. "வர்ற வெள்ளிக்கிழமையும் கழுவத்தான் போறேன்."