சொத்தை ஹோல்டரில் ஒன்பது பல்பு

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேப் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். படிப்பு ஐ.டி.ஐ. இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் படுத்தியது குவாண்டம் லேப்தான்.

லேப் என்றால் ஒரு அறை, நான்கு மேசை. குவாண்டம் கம்ப்யூட்டர் மெஷின் எங்கோ வெளிநாட்டில். இங்கிருந்து நெட்டில் கணக்கு அனுப்புவார்கள். ஒரு நாள், மறுநாள் லேபைப் பார்வையிடக் கமிட்டி வருகிறது என்றார்கள். அவர்களுக்குப் புரியாவிட்டால் அறையை ஆபீஸுக்கு எடுத்துக்கொள்வதாகச் சேர்மன் சொல்லிவிட்டார். அன்று கிருத்திகை, எனக்கு விரதம். பாடம் நடத்தும் ராஜேஸ்வரி மேடம் வந்து நின்றார்.

"அண்ணா, அந்த மெஷின்ல சேதியத் தாங்கறது க்யூபிட்டுங்க, தும்முனாலே கெட்டுப்போயிடும். அதனால ஒரே சேதிய பல க்யூபிட்ல வெச்சு, கெட்டதத் திருத்தறோம். அத பல்புல காட்டணுங்க."

மூன்று பல்பு மாட்டினேன். ஒன்று அணைந்தாலும் மற்ற இரண்டும் எரிந்தால் பெரும்பான்மைப்படி சேதி தப்பிவிடும். ஆனால் ஸ்டோரில் கிடைத்தவை பழைய ஹோல்டர்கள், எல்லாம் லூஸ் கான்டாக்ட். இரண்டு அணைந்தன.

"இன்னும் கூட்டுங்கண்ணா."

ஐந்தாக்கினேன். மூன்று அணைந்தன. ஒன்பதாக்கினேன். ஆறு அணைந்தன. பொய்க்குத்தான் பெரும்பான்மை. முருகா, பசி ஒரு பக்கம், இந்தப் பாடு ஒரு பக்கம்!

சேர்மன் எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா மாதையா, ஒரு பல்புக்கு எட்டு பல்பு காவலா? எங்க வூட்டுக் கல்யாணத்துக்கே இவ்ளோ சீரியல் செட் போடலியே!"

அவர் போனதும் மேடம் கண் கலங்கிவிட்டார். "பதினஞ்சு போட்டுப் பாக்கலாமாண்ணா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நூறு போட்டாலும் இருட்டுதாங்க மேடம். ஹோல்டரே சொத்தை. சொத்தையக் கூட்டுனா சொத்தைதாங்க பெருகும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாடத்துலயும் அதாண்ணா இருக்கு. ஒவ்வொரு க்யூபிட்டும் ஓரளவுக்காவது நல்லா இருந்தாத்தான் கூட்டறதுல லாபம்."

"அத மூணு பல்புலயே சொல்லக் கூடாதுங்களா?"

தர்மபுரிக்கு வண்டியை விட்டு ஒன்பது புது ஹோல்டர் வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து மாட்டினேன்.

காலையில் கமிட்டியில் வந்த பெரியவர் தானே மூன்று பல்பைக் கழற்றினார். ஆறு எரிந்தன. சேதி தப்பியது. "நெஜ மெஷினுக்கு எத்தன வேணும்?" என்றார்.

"ஒரு நல்ல க்யூபிட்டுக்கே நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குலகூட வேணுங்க சார். குளுர வெக்கிற செலவு தனி," என்றார் மேடம்.

சேர்மன் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவர் சிரித்தார். "இவ்ளோ ஒளிக்காம சொல்றாங்களே, லேப் இருக்கட்டுங்க."

மறுநாளே மேடம் ஐம்பது ஹோல்டர் வாங்கித் தரக் கேட்டு இண்டென்ட் எழுதி வந்தார்! கையெழுத்துப் போடுமுன் அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்களும் அதையே எழுதுங்கள்: 'எத்தனை வாங்கினாலும், ஒவ்வொன்றையும் சோதித்தே வாங்கவும்.'