சந்தனமாரி அக்காவின் ‘பின்னே’

“பின்னே செய்யலாம் சேட்டா” என்றார் சந்தனமாரி அக்கா.

பிரதீஷ் சேட்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. “பின்னேயோ? ஞாயிறு வருது. எனக்கு இப்ப வேணும்.”

“பின்னேன்னா பிறகு இல்ல, பின்னாடி. ஆளு முன்னாடி நிக்கும், படம் பின்னாடி சின்னதாகும்.”

“உன் தமிழ்ல அது எங்க வேணும்னாலும் கெடக்கட்டும். என் மலையாளத்துல பின்னேன்னா வேலை நடக்காதுன்னு அர்த்தம்.”

“சலவைக்கூடத்துல துணி போட்டவன், காயுறவரைக்கும் கொடிக்குக் கீழயேவா நிக்கிறான்? கொடுத்துட்டுப் போறான்ல?”

“இந்த ஞாயிறும் வெப்சைட் விழுந்தா, வேலையை இடப்பள்ளி கம்பெனிக்குக் கொடுத்துடுவேன். அப்ப நீ போய்க் கொடிக்குக் கீழ நில்லு.”

“நிக்கிறேன். குடை மட்டும் வாங்கிக் கொடுங்க.”

அடுத்த மேசையில் இருந்த நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விசைப்பலகையைப் பார்த்துக் குனிந்தேன். அது 2006. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் எங்கள் அலுவலகம்; சேட்டன்தான் முதலாளி. ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணப் படங்களை எங்கள் சைட்டில் ஏற்றுவார்கள். கல்யாணத்துக்கு வரமுடியாத உறவினர்கள் வளைகுடாவிலிருந்து பார்ப்பார்கள். படங்களுக்குத் தமிழ், மலையாளம் இரண்டிலும் குறிப்பு எழுதுவது என் வேலை. சைட்டை உருவாக்கியவர் அக்கா.

அவர் பள்ளுருத்திக்காரர். அப்பாவுக்கு நகராட்சியில் வேலை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்ததால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். பேச்சில் மட்டும் அவரை யாரும் வெல்ல முடியாது. சைட் ஓடும் சர்வர் கணினியையே “மூதேவி, எந்திரி” என்று திட்டுவார்.

கேமராக்கள் பெரிதாகப் பெரிதாகப் படங்களும் பெரிதாகிக்கொண்டிருந்தன. ஏற்றிய படம் மூன்று அளவுகளில் சின்னதாகும்வரை ஸ்டுடியோக்காரர் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பலர் ஒன்றாக ஏற்றுவார்கள். அத்தனை படங்களும் ஒரே நேரத்தில் சர்வரின் நினைவகத்தில் விரிய, அது மூச்சுமுட்டி நின்றுவிடும். இரண்டு ஞாயிறுகள் அப்படி நின்றுபோனது.

வேறு யாராக இருந்தாலும் பெரிய சர்வர் கேட்டிருப்பார்கள். அக்கா கேட்கவில்லை. படம் வந்ததும் அதை அப்படியே சேமித்து, அனுப்பியவரை உடனே விடுவித்தார். படங்களை வரிசையில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னதாக்கப் பின்னாடி தனியாக ஓடும் ஒரு நிரல் எழுதினார். அதிலும் பெரிய படத்தை ஒருமுறைதான் திறந்தார். அதிலிருந்து நடுத்தர அளவு, நடுத்தரத்திலிருந்து அடுத்தது, அதிலிருந்து கடைசிச் சின்னது. ஏன் அப்படி என்று கேட்டேன்.

“முழு மீனை எதுக்கு மூணு வாட்டி வெட்டணும்? வெட்டின துண்டத்தை வெட்டு” என்றார், டப்பாவிலிருந்த கப்பைக்கிழங்கை மென்றுகொண்டே.

ஞாயிறு வந்தது. முற்பகலிலேயே படங்கள் குவிந்தன. சேட்டன் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். வரிசை நீண்டது, குறைந்தது, மறுபடி நீண்டது. சர்வர் விழவில்லை. மாலையில் சேட்டனே கீழே போய் மூன்று சாயா வாங்கிவந்தார். இடப்பள்ளிப் பேச்சு அதன்பின் எழவே இல்லை.

சாயா ஆறுவதற்குள் தொலைபேசி ஒலித்தது. தோப்பும்படி ஸ்டுடியோக்காரர் செல்லப்பா. “படம் போகவே மாட்டேங்குது. அதே பெண்ணை நாலாவது வாட்டி ஏத்துறேன்!” என்று கத்தினார். படங்கள் எல்லாம் முதல் தடவையே வந்திருந்தன. உடனே கண்ணில் படாததால் அவர் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார். வரிசை முழுக்க அதே மணப்பெண்.

“அவளுக்கு நாலு கல்யாணம் பண்ணிவச்சுட்டாரு” என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“ஜிஷா, நீ ரெண்டு பாஷையும் எழுதுறவ. படம் வந்து சேந்துடுச்சு, பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல தெரியும்னு ரெண்டுலயும் ஒரு வரி எழுதிக் கொடேன். பின்னேங்கிற வார்த்தை மட்டும் வேண்டாம்.”