சனிக்கிழமை மதிப்பெண்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம் அது. நான் கோவையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் படித்தது வேறு பள்ளியில். மாலையில் நீட் கோச்சிங்குக்கும் போய்க்கொண்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் அங்கே தேர்வு வைத்து, சாயங்காலமே மதிப்பெண் சொல்லிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, வலது காதுக்கு மேலே முடியே இல்லாத ஓர் இடம் விரலில் தட்டுப்பட்டது. பூச்சிவெட்டாக இருக்கும் என்று தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்துவிட்டு, அவளை வெளியே உட்காரச் சொன்னார்.

"இது பூச்சிவெட்டு இல்லீங்க. பாப்பாவே பிடுங்கிக்குது. ஒரு மனநல டாக்டரைப் பாத்துருங்க."

வீட்டுக்கு வந்து இருவரும் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவும்போதுதான் கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

"மார்க் சொல்றதுக்கு முன்னால உங்க மூஞ்சியப் பாப்பேனுங்கம்மா. அது எப்படி மாறுமோன்னு நெனச்சாலே கை தானாத் தலைக்குப் போயிருது. நீங்க திட்டக்கூட மாட்டீங்க. அதுதான் இன்னும் பயமா இருக்குது."

பெற்றோர் கூட்டத்தில் "புள்ளைகளை நெருக்காதீங்க" என்று வருடாவருடம் பேசுகிறவள் நான்.

அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன். மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கிறார். "வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் காச்சின்னு வரும்போது..." என்று இழுத்தேன்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். காலைல பட்டறைக்கு லீவு உட்டுர்றேன். மூணு பேரும் போலாம்" என்றார்.

மனநல மருத்துவர் அவளோடு வாரம் ஒருமுறை பேசினார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அவளாகச் சொல்லாமல் மதிப்பெண்ணைக் கேட்கக் கூடாது. முதல் சனிக்கிழமை எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவள் வந்ததிலிருந்து சாப்பாட்டு மேசையையே துடைத்துக்கொண்டு நின்றேன்.

"போதுங்கம்மா, டேபிள் தேஞ்சுபோயிரும்" என்றாள். இருவரும் சேர்ந்து சிரித்தோம். அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்றோ.

அரையாண்டு முடிந்ததும், டாக்டர் படிப்பு வேண்டாம், பிசியோதெரபி படிக்கிறேன் என்றாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நானே கோச்சிங்குக்குப் போய் நிறுத்திவிட்டு வந்தேன். பொதுத்தேர்வுச் சமயத்தில் மறுபடி கொஞ்சம் முடியைப் பிடுங்கினாள். மறுபடி மருத்துவரிடம் போனோம். பிறகு மெல்ல மெல்ல நின்றது.

இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், பையை வைத்துக்கொண்டே, "அனாட்டமில அரியருங்கம்மா, எழுதிக்கலாம்" என்றாள். பிறகு அப்பாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பட்டறை வேலையில் அவருக்குத் தோள்பட்டை பிடித்துப்போயிருந்தது. கையைத் தூக்கச் சொல்லி, எலும்பு எலும்பாகத் தொட்டுப் பார்த்து, அழுத்திவிட்டாள்.

"வலிக்குதுங்களாப்பா?"

"இல்ல கண்ணு. இன்னுங் கொஞ்ச நேரம் அப்படியே அமுத்து" என்று கண்ணை மூடிக்கொண்டார்.