சேவல் கூவினால் திறக்கும் கதவு

எங்கள் எதிர்வீட்டில் ஒரு வியட்நாம்காரப் பெண், மூன்று வயது மகளோடு இருக்கிறாள். எனக்கும் அந்தத் தாய்க்கும் பொதுவாக இருந்தது பிரெஞ்சில் 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். சின்னவளோடு அதுவும் இல்லை. மிருகச் சத்தங்களால்தான் கதைத்தோம்.

நான் போனால் மணி அடிக்கக் கூடாது. வெளியே நின்று கூவவேணும். அவள் ஓடி வந்து திறப்பாள். கொக்கரக்கோ செல்லாது. அவர்களின் சேவல் 'ஓ ஓ ஓ' என்றுதான் கூவும். முதல் ஓ கீழே இறங்கும், அடுத்தது ஏறும், கடைசி நேரே நிற்கும். பிழையாகக் கூவினால் உள்ளே நின்று சிரிப்பாள், திறக்கமாட்டாள். வாத்து என்றால் 'கப் கப்', நாய் 'கௌ கௌ'.

ஒருநாள் மேல்வீட்டுத் தம்பி படியில் நின்று கேட்டுவிட்டார். "என்ன அன்ரி, கோழி வளக்கிறியளோ?"

அதற்குப் பிறகு ஆளில்லாத நேரம் பார்த்து, மெல்லத்தான் கூவுவேன்.

போன மாரியில் ஒரு பகல், கதவில் குத்துகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். தாய் உடுப்புக் கூடையோடு நிற்கிறாள். கீழே மெஷினில் உடுப்பெடுக்கப் போன இடைக்குள் கதவு தானாகப் பூட்டுப்பட்டுவிட்டது. திறப்புக்கொத்து உள்ளே. அடுப்பில் சட்டி. கருகல் மணம் வந்தது, புகைமணி அலறத் தொடங்கியது. தாய் குத்தக் குத்த உள்ளே பிள்ளை வீரிட்டது.

மேல்வீட்டுத் தம்பி போன் எடுத்தார். "தீயணைப்புக்காரர் வருகினமாம். எப்ப வருவினமோ."

ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் தாயின் கையைப் பிடித்து நிறுத்தினேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். குந்தி, கதவின் கீழ் நீக்கலில் வாயை வைத்தேன். பதற்றத்தில் ஊர்ச் சேவல்தான் வந்தது. கொக்கரக்கோ. உள்ளே அழுகை கூடியது.

மூச்சை இழுத்து, இறக்கி, ஏற்றி, நேரே விட்டேன். அழுகை ஒருக்கால் நின்று பிறகும் தொடங்கியது.

"இன்னொருக்கா, அன்ரி. உரத்து," என்றார் தம்பி. அவர் சிரிக்கவில்லை.

கத்திக் கூவினேன். சின்னக் கால்கள் ஓடி வந்தன. கைப்பிடி ஆடியது, நின்றது. கூவினேன். திரும்பவும் ஆடியது.

கதவு திறந்ததும் தாய் பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்துவிட்டு, புகைக்குள் அடுப்பை நூர்க்க ஓடினாள். பிள்ளை கண்ணீரும் மூக்குச்சளியுமாய் என் முகத்தைப் பார்த்து, "கப் கப்?" என்றது.

அத்தனை பேரும் நிற்க, நான் வாத்தாகக் கத்தினேன்.