மணியின் முழங்கால்

தென்காசி மாட்டாஸ்பத்திரியில் அன்று இருந்தது டாக்டர், கம்பவுண்டர் அண்ணாச்சி, நான், என் நாய் மணி. இன்று நர்ஸ் என் முழங்காலில் ஸ்பிரிட் தடவிய வாசனையில் எல்லோரும் கண்முன் வந்து நின்றார்கள்.

அம்மா இறந்தபின், அய்யா லாரியில் புளியறை தாண்டிக் கேரளா போனால் திரும்ப நாளாகும். வீட்டில் நானும் மணியும்தான். அந்த வருஷச் சாரல் காலத்தில் அதன் முழங்கால் மூட்டு வீங்கிச் சுட்டது.

"குத்தாலத்துல குளிப்பாட்டியும் வீக்கம் வத்தலியே!" என்றேன்.

"அருவித் தண்ணியில சீழ் வத்துமாலே? அப்ப எங்களுக்கு இங்கன என்ன சோலி?" என்று சிரித்தார் கம்பவுண்டர்.

"காலை வெட்டிருவியளா அண்ணாச்சி?" திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"தலையைப் பிடிலே. உன் கை இருந்தாத்தான் அது அடங்கும்."

வாயைத் துணியால் கட்டினார்கள். டாக்டர் மூட்டில் ஊசியை இறக்கிச் சீழை எடுத்தார். மணி நடுங்கியபடி என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

பென்சிலின் போட எங்கள் மேலகரத்திலிருந்து தினமும் தூக்கிப்போனேன். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. மணி பழையபடி ஓடியது.

"முழங்கால்ல கோத்த நீரை ஊசியால எடுக்கணும் தாத்தா. கூட யாரு வந்திருக்கா? கையைப் பிடிச்சுக்கிடச் சொல்லுங்க," என்றாள் நர்ஸ்.

"யாரும் வரலம்மா."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.